ஓக் மரமும் தச்சர் உளியும்: இங்கிலாந்துக் கிராமங்களின் மரச்சட்டக வீடுகள், களஞ்சியங்கள்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை எழுந்த வீடுகளிலும் களஞ்சியங்களிலும் பெரும்பாலானவை மரச்சட்டகக் கட்டடங்கள். நல்ல கட்டடக் கல் எளிதாகக் கிடைத்த பகுதிகளிலும், டெவன் போல மண்சுவர் வழக்கம் வேரூன்றிய பகுதிகளிலும்தான் வேறு முறைகள் மேலோங்கியிருந்தன. மரச்சட்டகக் கட்டடத்தில் சுவர் பாரம் தாங்குவதில்லை. தூண், விட்டம், உத்திரம், கைமரம் ஆகியவற்றைக் கோத்து முதலில் ஒரு கூடு நிறுத்தப்படும். கூரையின் பாரம் முழுவதும் அந்தக் கூட்டின் வழியே தரைக்கு இறங்கும். சுவரின் வேலை தூண்களுக்கு இடையிலுள்ள வெளியை அடைப்பதுதான். அதை முழுதும் பெயர்த்து எடுத்தாலும் கூரை அப்படியே நிற்கும்.

அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் கடந்தும் இவற்றில் பல நிற்பதற்கு இந்த அமைப்பே முதற்காரணம். உறுப்பு உறுப்பாகச் செய்து கோத்த கட்டடத்தில், உளுத்துப்போன உறுப்பை மட்டும் வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்தலாம். வீட்டை நீட்டலாம், குறுக்கலாம், கழற்றி வேறிடத்தில் நிறுத்தவும் செய்யலாம்.

மண்ணை விட்டு எழுந்த தூண்

நார்மானியர் 1066இல் வருவதற்கு முன்பும் இங்கிலாந்தில் வீடுகள் மரத்தால்தான் கட்டப்பட்டன. ஆனால் அந்த வீடுகளில் தூண்களைக் குழி தோண்டி மண்ணில் நட்டார்கள். ஈரமண்ணில் நட்ட மரம் ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு தலைமுறைதான் தாங்கும். தரையோடு ஒட்டிய இடத்தில் அழுகத் தொடங்கி, பிறகு முழுதும் சாயும். அந்தக் காலத்துச் சாதாரண வீடுகள் இன்று எங்கும் நிற்கவில்லை. அகழாய்வில் தென்படுபவை தூண் நின்ற குழிகளின் கருத்த வட்டங்கள் மட்டுமே.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்த நிலை மாறியது. தரைக்கு மேல் தாழ்வான கல்வரிசை எழுப்பி, அதன்மேல் நீண்ட அடிக்கட்டையைக் கிடத்தி, அந்தக் கட்டையில் தூண்களைப் பொருத்தினார்கள். மரம் ஈரத்தைத் தொடாததால் கட்டடத்தின் ஆயுள் பன்மடங்கு நீண்டது. ஆனால் அதோடு ஒரு புதிய சிக்கலும் வந்தது. முன்பு தூணை மண் இறுகப் பிடித்திருந்தது. இப்போது கல்மேல் நிற்கும் தூண் காற்றில் சாயாதிருக்க, கூடு தன்னைத்தானே பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் மூட்டுகளின்மேலும், மூலைகளில் சாய்வாகக் கொடுக்கும் முட்டுக்கைகளின்மேலும் விழுந்தது. ஆங்கிலேயத் தச்சுக்கலை அடுத்த நான்கு நூற்றாண்டுகளில் அடைந்த வளர்ச்சி இந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

மரம்

இந்தக் கட்டடங்களின் மரம் பெரும்பாலும் ஓக். இரும்பு போல உறுதியான இந்த மரம் காய்ந்த பிறகு உளிக்கு எளிதில் இடம் கொடாது. ஆகவே தச்சர்கள் வெட்டிய சூட்டிலேயே, பச்சை மரமாக இருக்கும்போதே அதை வேலை செய்தார்கள். கோடாலியால் நான்கு பக்கமும் செதுக்கிச் சதுரமாக்குவது, பெரிய அடிமரமாக இருந்தால் குழியின்மேல் கிடத்தி மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக ரம்பம் பிடித்து அறுப்பது, வாய்ச்சியால் சமன்செய்வது, துரப்பணத்தால் துளையிடுவது ஆகிய அனைத்தும் பச்சை மரத்தில் நடந்தன. கட்டடம் நின்ற பிறகே மரம் காய்ந்தது. காயும்போது சுருங்கியது, முறுக்கியது, வளைந்தது. பழைய வீடுகளின் விட்டங்கள் நெளிந்தும் தளங்கள் சாய்ந்தும் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நெளிவு பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே வந்து நிலைத்துவிட்டது.

இத்தனை வீடுகளுக்கான மரம் எங்கிருந்து வந்தது என்பதைத் தாவரவியலாளரும் வரலாற்றறிஞருமான ஆலிவர் ராக்கம் ஆராய்ந்தார். சஃபோக் மாவட்டத்தின் ஸ்டாண்டன் ஊரில் ஏறத்தாழ 1500ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு பண்ணை வீட்டின் உறுப்புகளை அவர் எண்ணிப் பார்த்தார். அதற்குச் சுமார் 330 மரங்கள் தேவைப்பட்டிருந்தன. அவற்றில் ஏறக்குறையப் பாதி, 9 அங்குலத்துக்கும் குறைந்த குறுக்களவுள்ள சிறு மரங்கள். மாபெரும் பழங்காடுகளை அழித்து இந்த வீடுகள் எழவில்லை. ஊருக்கு அருகே வேலியிட்டுப் பேணிய சிறு தோப்புகள் இவற்றுக்குப் போதுமானவையாக இருந்தன. அந்தத் தோப்புகளில் ஹேசல் போன்ற செடிமரங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டித் தழையவிட்டார்கள். அவற்றுக்கு இடையே ஓக் மரங்களை ஓங்கி வளரவிட்டார்கள். சட்டகத்துக்கு ஓக், சுவர் வரிச்சுக்கு ஹேசல் என இரண்டும் ஒரே தோப்பிலிருந்து வந்தன. வெட்டிய இடத்தில் மீண்டும் தளிர்த்ததால் தோப்பும் அழியவில்லை.

மூட்டு

மரச்சட்டகத்தின் உயிர் மூட்டில் இருக்கிறது. ஒரு மரத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கிக் கழுந்து ஆக்குவார்கள். மற்ற மரத்தில் அதற்கேற்ற துளை வெட்டுவார்கள். கழுந்தைத் துளைக்குள் செலுத்தி, இரண்டையும் ஊடுருவும்படி ஓக் முளை அடிப்பார்கள். இரும்பு ஆணிக்கு இங்கே வேலையில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்தில் முளைக்கான துளையைச் சற்றே உள்தள்ளி இடுவார்கள். நேராக அமையாத அந்தத் துளைகளின் வழியே முளையை அடித்து இறக்கும்போது, அது கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கும். பச்சை மரம் காய்ந்து சுருங்கினாலும் மூட்டு நெகிழாது.

தூணின் தலை இன்னும் கடினமான இடம். அங்கே தூண், நீளவாக்கில் ஓடும் உத்திரம், குறுக்கே செல்லும் விட்டம், கூரையின் கைமரம் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. இத்தனை மூட்டுக்கும் இடம் வேண்டுமானால் தூணின் தலை பருமனாக இருக்க வேண்டும். தச்சர்கள் இதற்கு மரத்திடமே விடை கண்டார்கள். அடிமரம் வேர்ப்பக்கம் விரிந்திருக்கும் அல்லவா? அதனால் மரத்தைத் தலைகீழாகத் திருப்பி, வேர்ப்பக்கம் மேலே வரும்படி நிறுத்தினார்கள். மண்ணுக்கு அருகில் விரிந்திருந்த பகுதி கூரைக்கு அடியில் மூட்டுகளைத் தாங்கும் தலையானது. பழைய களஞ்சியத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், தூண்கள் மேலே போகப் போகப் பருத்து நிற்பது தெளிவாகத் தெரியும்.

சட்டகம் கட்டடம் எழும் இடத்தில் செய்யப்படவில்லை. தச்சரின் பட்டறை வெளியில் மரங்களைத் தரையில் கிடத்தி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அளவு கீறி, மூட்டு மூட்டாகப் பொருத்திப் பார்த்தார்கள். கையால் செதுக்கிய மரத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று இராது. இந்தக் கழுந்து இந்தத் துளைக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே பிரிக்கும் முன் ஒவ்வோர் உறுப்பிலும் உளியால் குறியிட்டார்கள். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய, நேர்கோடுகளால் ஆன ரோமன் எண்கள் போன்ற குறிகள் அவை. நான்கைக் குறிக்க நான்கு கோடுகளையே இட்டார்கள். பிறகு உறுப்புகளை வண்டியில் ஏற்றிச் சென்று, குறிபார்த்துக் கோத்து, பல கைகள் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். அந்தக் குறிகள் இன்றும் விட்டங்களில் தெரிகின்றன. எண் வரிசை இடையில் அறுந்திருந்தால், கட்டடத்தின் ஒரு பகுதி பிற்காலத்தில் அகற்றப்பட்டது என்று ஆய்வாளர் முடிவு செய்வார்.

பழைய வீட்டின் விட்டத்தில் காரணமில்லாத வெற்றுத் துளைகள் இருந்தால், அது உடைந்த கப்பலிலிருந்து வந்த மரம் என்று ஊரார் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது உண்மையில்லை. இடித்த வேறொரு வீட்டின் மரத்தை வீணாக்காமல் எடுத்துப் பயன்படுத்தியதன் தடமே அந்தத் துளைகள்.

இரு வகைச் சட்டகங்கள்

இங்கிலாந்தின் மரச்சட்டகங்களில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒன்று ‘கிரக்’. இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஒரு மரத்தைத் தேர்ந்து நெடுக்காகப் பிளந்தால், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வளைமரங்கள் கிடைக்கும். அவற்றைத் தரையிலிருந்து எழுப்பி முகட்டில் சேர்த்தால், கூப்பிய கைகளைப் போன்ற கவான் உருவாகும். கூரையின் பாரத்தை இந்த இணையே நேராகத் தரைக்குக் கொண்டுசெல்லும். மற்றொன்று பெட்டிச் சட்டகம். இதில் செங்குத்துத் தூண்களும் கிடை உத்திரங்களும் சேர்ந்து பெட்டி போன்ற உடலை அமைக்கும். கூரை அதன்மேல் தனியாக ஏறும்.

கிரக் வகை இங்கிலாந்தின் நடுப்பகுதி, மேற்கு, வடக்கு, வேல்ஸ் ஆகிய இடங்களில் பரவியிருக்கிறது. கென்ட், எஸெக்ஸ், சஃபோக் உள்ளிட்ட தென்கிழக்கிலும் கிழக்கிலும் அது இல்லையென்றே சொல்லலாம். அங்கே பெட்டிச் சட்டகமே ஆட்சி செய்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிரக் கட்டடங்கள் பட்டியலிடப்பட்ட பிறகும், இந்த எல்லை ஏன் இவ்வளவு கூர்மையாக விழுந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து எட்டவில்லை.

இரு வகைக்கும் பொதுவான அலகு அங்கணம். ஒரு குறுக்குச் சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வெளிதான் அங்கணம். அது பெரும்பாலும் 15, 16 அடி நீளம் இருக்கும். இரண்டு அங்கண வீடு, மூன்று அங்கண வீடு என்றுதான் கட்டடத்தின் அளவைச் சொன்னார்கள். வசதி பெருகினால் ஓர் அங்கணம் கூட்டினார்கள்.

வரிச்சும் மண்ணும் வைக்கோலும்

சட்டகத்தின் கட்டங்களை அடைக்க வரிச்சுச் சுவர் எழுப்பினார்கள். மேல் மரத்தின் அடியில் வரிசையாகத் துளைகளும், கீழ் மரத்தின் மேல் நீண்ட பள்ளமும் வெட்டி, ஓக் சிம்புகளைச் செங்குத்தாகச் செருகினார்கள். அவற்றின் ஊடே ஹேசல் மிலாறுகளைக் கூடை முடைவது போலப் பின்னினார்கள். களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச் சாணம் மூன்றையும் காலால் மிதித்துக் குழைத்து, இருபுறமும் ஒரே நேரத்தில் இருவர் நின்று அப்பினார்கள். மேலே சுண்ணாம்பு பூசினார்கள். ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்துவந்த சுவர் நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. உடைந்த சுவர்களில், மண் அப்பியவரின் விரல் தடங்கள் காய்ந்தபடியே இன்றும் கிடைக்கின்றன.

வெள்ளைச் சுவரும் கருப்பு மரமும்தான் இந்த வீடுகளின் அடையாளம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வழக்கம். அதற்கு முன் ஓக் மரம் இயற்கையான சாம்பல் நிறத்தில் விடப்பட்டது. அல்லது சுவரோடு சேர்த்து மரத்தின்மேலும் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது.

கூரை பெரும்பாலும் வைக்கோல் வேய்ந்தது. நாணல் கிடைத்த இடங்களில் நாணல். பழைய கூரையை முழுதும் பிரிக்காமல், மக்கிய மேற்பகுதியை மட்டும் நீக்கி, அதன்மேல் புதிதாக வேய்ந்தார்கள். அதனால், குறிப்பாக டெவனில், சில வீடுகளின் அடிக்கூரை இடைக்காலத்திலிருந்தே கலையாமல் இருக்கிறது. வீட்டுக்குள் எரிந்த அடுப்பின் கரி படிந்து கருத்த அந்த வைக்கோலில், இன்று பயிரிடப்படாத பழைய கோதுமை வகைகளும் ரை தானியமும் வயல் களைகளும் கதிரோடும் விதையோடும் அப்படியே கிடைக்கின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வயலின் விளைச்சலைக் கையில் எடுத்துப் பார்க்க இவ்வளவு நேரடியான சான்று அரிது.

வீட்டின் உள்ளே

இடைக்கால வீட்டின் நடுநாயகம் கூடம். தரையிலிருந்து கூரை முகடு வரை தடையின்றித் திறந்திருக்கும் உயர்ந்த அறை அது. அதன் நடுவே தரையில் அடுப்பு எரியும். புகைபோக்கி கிடையாது, புகை மேலே எழுந்து கூரையில் பரவி, முகட்டோரத் திறப்புகளின் வழியே மெல்ல வெளியேறும். சன்னலில் கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக்கம்பிகளும், காற்று அடித்தால் மூடப் பலகைக் கதவும் இருந்தன. கூடத்தின் ஒரு முனையில், எதிரெதிரான இரண்டு வாசல்களை இணைக்கும் நடை. நடைக்கு அப்பால் உணவும் பானமும் வைக்கும் இரண்டு அறைகள். மறுமுனையில் வீட்டுக்காரர் குடும்பத்தின் தனியறை.

தென்கிழக்கில் இந்த அமைப்பு ‘வீல்டன்’ வீடாக முதிர்ந்தது. நடுவே திறந்த கூடம், இரு முனைகளிலும் முன்தள்ளிய மேல்மாடி, மூன்றையும் மூடும் ஒரே கூரை ஆகியவை அதன் அடையாளம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் வசதி பெற்ற குடியானவர்கள் இவற்றைக் கட்டினார்கள். 1348–49இன் கொள்ளைநோயில் மக்கள்தொகை பெருமளவு குறைந்த பிறகு, உயிர்தப்பியவர்களுக்குக் கூடுதல் நிலமும் கூடுதல் கூலியும் கிடைத்தன. அந்தச் செல்வம் வீடாக மாறியது.

ஏழைக் குடியானவர்களின் வீடுகள் வெறும் குடிசைகள், அவை ஒன்றும் மிஞ்சவில்லை என்று நீண்டகாலம் கருதப்பட்டது. நடு இங்கிலாந்தின் கிரக் வீடுகளை ஆராய்ந்து நாட் ஆல்காக், டான் மைல்ஸ் இருவரும் 2013இல் வெளியிட்ட நூல், அங்கே இடைக்காலச் சாதாரண உழவர்களின் வீடுகள் பல இன்னும் மக்கள் குடியிருக்கும் வீடுகளாகவே நிற்பதைக் காட்டியது. ஆனாலும் நிலமற்ற கூலிகளின் குடில்கள் நிலைக்கவில்லை. இன்று நிற்பவற்றை வைத்து அன்றைய கிராமம் முழுவதையும் எடைபோட முடியாது.

16ஆம் நூற்றாண்டில் திறந்த கூடம் மறையத் தொடங்கியது. செங்கல் புகைபோக்கி எழுந்தது. புகை போன இடத்தில் மேல்தளம் போடப்பட்டது. ஒரே கூடம் கீழும் மேலுமாக இரண்டு அறைகளானது. தம் காலத்தில் ஊரெங்கும் புகைபோக்கிகள் பெருகியதை வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளியான தம் நூலில் குறித்திருக்கிறார். 1570 முதல் 1640 வரையிலான இந்தக் கட்டட எழுச்சிக்கு வரலாற்றறிஞர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் ‘பெரும் மறுகட்டுமானம்’ என்று பெயரிட்டார். இந்த மாற்றம் பகுதிக்குப் பகுதி வெவ்வேறு காலத்தில் நடந்தது என்பது பின்வந்தவர்களின் திருத்தம். இன்றைய வீட்டின் பரணில் ஏறிக் கைமரங்கள் கரி படிந்திருப்பதைக் கண்டால், அந்த வீடு பெரும்பாலும் திறந்த கூடமாகத் தொடங்கியது என்று சொல்லலாம்.

களஞ்சியம்

இங்கிலாந்தின் களஞ்சியம் தானியக் குதிர் அன்று. அறுத்த கதிர்க்கட்டுகளை அப்படியே அடுக்கிவைத்து, குளிர்காலம் முழுவதும் உள்ளேயே கதிரடிக்கும் இடம் அது. மழை ஓயாத நாட்டில் வெட்டவெளிக் களம் உதவாது. களத்துக்கே கூரை போட வேண்டியிருந்தது. நீண்ட கட்டடத்தின் நடு அங்கணம் கதிரடிக்கும் தளம். அதன் இருபுறமும் எதிரெதிராகப் பெருங்கதவுகள். பாரம் ஏற்றிய வண்டி ஒரு வாசலில் நுழைந்து, கட்டுகளை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாக மறுவாசலில் வெளியேறும். அதனால் சில களஞ்சியங்களில் வெளியேறும் வாசல் உயரம் குறைந்திருக்கும். கதிரடித்த பின் இரு கதவுகளையும் திறந்துவிட்டால், ஊடே வீசும் காற்றில் பதரைத் தூற்றலாம். முக்கோணச் சுவரின் உச்சியில் ஆந்தை நுழைய ஒரு துளை விட்டிருப்பார்கள். எலியைப் பிடிக்க அதுவே காவல்.

அகலம் கூட வேண்டுமானால், கோயில் மண்டபம் போல இரண்டு தூண் வரிசைகளை நிறுத்தி, நடுவே உயர்ந்த பகுதியும் இருபுறமும் தாழ்வாரமும் அமைத்தார்கள். எஸெக்ஸின் கிரெஸிங் டெம்பிளில் இந்த வகையைச் சேர்ந்த இரண்டு களஞ்சியங்கள் நிற்கின்றன. அரசி மட்டில்டா 1137இல் டெம்பிளர் வீரத் துறவியருக்கு அளித்த பண்ணை அது. அங்குள்ள பார்லிக் களஞ்சியம் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும், கோதுமைக் களஞ்சியம் அதே நூற்றாண்டின் பிற்பகுதியையும் சேர்ந்தவை. மரத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் படியவைக்கும் பழைய மூட்டு முறையிலிருந்து கழுந்து–துளை முறை மேலோங்கியதை இங்கே அருகருகே காணலாம். எஸெக்ஸ் கட்டடங்களின் மூட்டுகளை ஒவ்வொன்றாக வரைந்து, அவற்றின் வடிவத்தைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம் என்று வாதிட்டவர் செசில் ஹ்யூவெட். அவருடைய நூல் 1969இல் வெளிவந்தது.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் பியூலி மடத்துத் துறவியரால் 1292 வாக்கில் கட்டப்பட்டது. சுவர் கல், உள்ளே கூரையைத் தாங்குவது உயர்ந்த ஓக் தூண்கள். வூஸ்டர்ஷயரின் லீ கோர்ட் களஞ்சியம் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்ஷோர் மடத்துக்காகக் கட்டப்பட்டது. பிரிட்டனின் மிகப் பெரிய கிரக் கட்டடம் அதுவே. லண்டனின் மேற்கில், ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே நிற்கும் ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியத்தை 1426–27இல் வின்செஸ்டர் கல்லூரி கட்டியது. 192 அடி நீளம், 37 அடி அகலம், 39 அடி உயரம், 12 அங்கணம். அதன் மரங்களில் பெரும்பகுதி முதலில் நிறுத்தியவையே. கவிஞர் ஜான் பெட்ஜமன் அதை மிடில்செக்ஸின் பேராலயம் என்று போற்றினார். இத்தகைய பெருங்களஞ்சியங்கள் எல்லாவற்றையும் தேவாலய வரியாக வந்த தானியத்தைச் சேர்த்தவை என்று சொல்வது வழக்கம். கிரேட் காக்ஸ்வெல்லும் ஹார்மண்ட்ஸ்வொர்த்தும் உண்மையில் நில உடைமையாளரின் சொந்தப் பண்ணை விளைச்சலுக்காக எழுந்தவை.

வழக்கொழிந்த காலம்

1666இல் லண்டன் எரிந்த பிறகு, அந்நகரில் வெளிச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. கிராமங்களில் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் செங்கல்லின் மதிப்பு அங்கும் பரவியது. 18ஆம் நூற்றாண்டில் பல உரிமையாளர்கள் பழைய சட்டகத்தின் முன் செங்கல் முகப்பு எழுப்பினார்கள். சிலர் செங்கல் போலத் தோன்றும் ஓடுகளைப் பதித்தார்கள். பழமை என்று வெட்கி மறைத்த அந்தப் போர்வையே உள்ளிருந்த ஓக் மரத்தை மழையிலிருந்து காத்தது.

களஞ்சியத்தின் வீழ்ச்சி கசப்பானது. ஆண்ட்ரூ மீக்கிள் 1786இல் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். கையால் கதிரடிப்பதுதான் கூலிகளின் குளிர்கால வருமானம். இயந்திரம் அதைப் பறித்தது. 1830இல் கென்ட்டில் தொடங்கிய ‘ஸ்விங்’ கலவரத்தில் உழவுக்கூலிகள் அந்த இயந்திரங்களை உடைத்தார்கள். பலர் தூக்கிலிடப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். இயந்திரம் நிலைத்தது. நடுவில் களம் கொண்ட நெடுங்கட்டடங்கள் மாட்டுக்கொட்டில்களாகவும் கிடங்குகளாகவும் மாறின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல களஞ்சியங்கள் குடியிருப்பு வீடுகளாயின. அப்படி மாறியவற்றில் சட்டகம் பிழைத்தது. முகடு வரை திறந்திருந்த அந்த ஒற்றைப் பெருவெளி அறைகளாகத் துண்டாடப்பட்டது.

மீட்பு

வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதிய ‘பழமையை’ வைக்காதீர்கள், உள்ளதைப் பழுதுபார்த்துக் காப்பாற்றுங்கள் என்பது அதன் கொள்கை. நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு 1896இல் விலைகொடுத்து வாங்கிய முதல் கட்டடம், சசெக்ஸின் ஆல்ஃபிரிஸ்டனில் உள்ள 14ஆம் நூற்றாண்டு வீல்டன் வீடு. விலை 10 பவுண்டு. ராய் ஆம்ஸ்ட்ராங் முன்னின்று அமைத்த வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம் 1970இல் மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் திறக்கப்பட்டது. கென்ட்டில் நீர்த்தேக்கத்துக்காக மூழ்கவிருந்த ‘பேலீஃப்’ என்ற 15ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீட்டை உறுப்பு உறுப்பாகக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தினார்கள். 

மரத்தின் வயதை இன்று ஆண்டு வளையங்களைக் கொண்டு கணிக்கிறார்கள். மழை மிகுந்த ஆண்டில் அகன்ற வளையமும் வறண்ட ஆண்டில் குறுகிய வளையமும் விழும். அந்த வரிசையை ஏற்கெனவே காலம் அறிந்த மரங்களோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு வளையமும் எந்த ஆண்டில் வளர்ந்தது என்று தெரியும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மிஞ்சியிருந்தால், மரம் எந்த ஆண்டில், எந்தப் பருவத்தில் வெட்டப்பட்டது என்பதும் தெரியும். தச்சர்கள் பச்சை மரத்தில் வேலை செய்ததால், வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும்.

நீண்டகாலம் பராமரிப்பின்றிக் கிடந்த ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியத்தை இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற பாதுகாப்பு அமைப்பு 2012இல் 20,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. அங்கும் பிற இடங்களிலும் பழுதுபார்க்கும் முறை ஒன்றுதான்: உளுத்த பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, புதிய ஓக் துண்டைச் செதுக்கிப் பழைய மரத்தோடு மூட்டி, ஓக் முளை அடிக்கிறார்கள். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் அந்தக் களஞ்சியத்தை நிறுத்திய தச்சர் இன்று வந்து பார்த்தால், அந்த வேலையில் அவருக்குப் புரியாதது எதுவும் இராது.